பூட்டிய அறைக்குள் பொறியியல்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். விழா தொடங்கச் சற்று நேரம் இருந்தது. தலைமையாசிரியர் பெருமிதத்தோடு என்னை ஓர் அறைக்கு அழைத்துச் சென்றார். சாவியைத் தேடிக் கண்டெடுக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. உள்ளே பளபளக்கும் மேசைகள். அவற்றின்மேல் துணி போர்த்திய முப்பரிமாண அச்சு இயந்திரம். உறை பிரிக்கப்படாத ரோபோப் பெட்டிகள். சுவர் நிறைய அறிவியல் மேதைகளின் படங்கள். நன்கொடையாளர் ஒருவர் மனமுவந்து அமைத்துக் கொடுத்த பொறியியல் கூடமாம். “பிள்ளைகள் எப்போது இங்கே வருவார்கள்?” என்று கேட்டேன். “யாராவது பார்வையிட வரும்போது கூட்டி வருவோம், ஃபாதர். மற்ற நாளில் விட்டால் உடைத்துவிடுவார்கள்” என்றார்.

அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தோம். வேப்ப மரத்தடியில் இரண்டு மாணவர்கள் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் கழன்ற சங்கிலியை ஒரு குச்சியால் நெம்பி மாட்டிக்கொண்டிருந்தார்கள். விரல்களிலும் வெள்ளைச் சட்டையிலும் மசகுக் கறை. தலைமையாசிரியருக்குக் கோபம் வந்தது. “படிக்கிற பிள்ளைகளுக்கு இது என்ன வேலை? போய்க் கையைக் கழுவுங்கடா!” என்று விரட்டினார்.

அன்பார்ந்த வாசகர்களே! அன்று அந்தப் பள்ளியில் பொறியியல் நடந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது பூட்டிய அறையன்று, வேப்ப மரத்தடி. நடந்த இடத்தில் அதனை விரட்டினோம்; நடக்காத இடத்தில் அதற்குப் படம் மாட்டி வணங்கினோம். நம் கல்வியின் நோய் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது என்றே எண்ணுகிறேன்.

பொறியியல் கல்வி கல்லூரியில் தொடங்க வேண்டியதன்று. தொடக்கப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்பது என் வாதம். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக இருக்க வேண்டும். பரிசுக்கோ, கண்காட்சிக்கோ, நுழைவுத் தேர்வுக்கோ அன்றி, கையையும் மூளையையும் மீண்டும் ஒன்றுசேர்ப்பதற்காக இருக்க வேண்டும்.

ஒரு சொல்லின் இரு முகங்கள்

நடுவண் அரசு 2016-ஆம் ஆண்டில் ‘அடல் டிங்கரிங் ஆய்வகம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் கருவிகளைக் கையாண்டு புதியன படைக்கப் பள்ளி ஒன்றுக்கு 20 இலட்சம் ரூபாய் வரை வழங்கும் திட்டம் அது. நாடெங்கும் 10,000 பள்ளிகளில் இக்கூடங்கள் அமைந்தன. ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பும் வந்தது. நல்ல நோக்கம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் ‘டிங்கரிங்’ என்னும் சொல்லைச் சற்று உற்று நோக்குங்கள். தமிழ்நாட்டின் எந்த ஊர்ச் சாலையோரத்திலும் ‘இங்கு டிங்கரிங், பெயின்டிங் செய்யப்படும்’ என்னும் பலகையைக் காணலாம். மோதி நசுங்கிய காரின் கதவைச் சுத்தியலால் தட்டித் தட்டி அதன் பழைய வளைவுக்குக் கொண்டுவரும் தொழிலுக்கு நம்மவர் வழங்கும் பெயர் அது. எவ்வளவு அழுத்தினால் தகடு நீளும், எங்கே சூடு காட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தொழிலாளியின் விரல்களுக்குத் தெரியும். ஆனால் அவரை நாம் யாரும் பொறியாளர் என்று அழைப்பதில்லை. “ஒழுங்காகப் படிக்காவிட்டால் டிங்கரிங் கடைக்குத்தான் போவாய்” என்று நம் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். அதே சொல் ஆங்கிலப் பலகையில் ஏறிப் பள்ளிக்குள் வந்தால் திறப்பு விழா நடத்துகிறோம்! தெருவில் இழிவு, பள்ளியில் பெருமை. சொல் ஒன்று, நாம் அதற்கு இடும் விலை மட்டும் இரண்டு. இந்த இரட்டை விலையை ஒழிக்காமல் ஐம்பதாயிரம் கூடங்கள் கட்டினாலும் அவை பூட்டிய அறைகளாகவே நிற்கும்.

குழந்தைக்குப் பொறியியல் என்றால் என்ன?

பொறியியல் என்றவுடன் பெரிய கணக்குகளும் பெரிய இயந்திரங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை அதன் கிளைகள். அதன் வேர் மிக எளியது. உள்ளது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பது அறிவியல். இல்லாத ஒன்றை, கையிலிருக்கும் பொருளைக்கொண்டு, கிடைத்த நேரத்துக்குள், பிறருக்குப் பயன்படும்படி எப்படி உண்டாக்கலாம் என்று கேட்பது பொறியியல். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே சரியான விடை. இரண்டாம் கேள்விக்குப் பல விடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நன்மை, ஒரு குறை. அவற்றைச் சீர்தூக்கிப் பார்த்துத் தெரிவு செய்யும் பக்குவமே பொறியாளரின் பக்குவம்.

நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுங்கள். இரண்டு புத்தகங்களை ஒரு சாண் இடைவெளியில் வைத்து அத்தாளைப் பாலமாகப் போட்டு, அதன்மேல் நாணயங்களை அடுக்கச் சொல்லுங்கள். தட்டையாகப் போட்ட தாள் சில நாணயங்களுக்கே தொய்ந்து விழும். பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு ஒருவன் இரண்டாக மடிப்பான். ஒருத்தி ஓரங்களை மேலே மடித்துவிடுவாள். மற்றொருத்தி விசிறிபோல் மடித்துப் போடுவாள். விசிறி மடிப்பு சுமையைத் தாங்கி நிற்கும். அதே தாள்தான், எடை கூடவில்லை, வடிவம் மாறிற்று, வலிமை வந்தது! “நம் பள்ளிச் சைக்கிள் கொட்டகையின் தகரம் ஏன் அலையலையாக இருக்கிறது?” என்று அப்போது ஆசிரியர் கேட்கட்டும். நாள்தோறும் கண்டும் காணாதிருந்த கூரையை அன்றுதான் அப்பிள்ளைகள் முதன்முறையாகப் பார்ப்பார்கள்.

இதில் மற்றொரு பாடமும் இருக்கிறது. நம் வகுப்பறையில் தவறு என்பது சிவப்பு மை, தலைகுனிவு, சில இடங்களில் இன்னும் பிரம்பு. தாள் பாலம் கட்டும் பிள்ளைக்கோ விழுந்த பாலமே முதல் ஆசிரியர். எங்கே மடங்கிற்று, ஏன் மடங்கிற்று என்று பார்த்தால்தான் அடுத்த பாலம் நிற்கும். தோல்வியை மறைக்காமல் எடுத்து ஆராயும் துணிவை நம் பிள்ளைகளுக்கு வேறு எந்தப் பாடம் தருகிறது? ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்காக உயிரையே மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகள் உள்ள நாட்டில் இது சிறிய கேள்வியன்று.

பிற நாடுகளின் படிப்பினை

இது புதுமையான கனவுமன்று. இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டிலேயே வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் ஐந்து வயது முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாகத் தேசியப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2001-இல் தன் பள்ளிப் பாடத்திட்டத்தில் அறிவியலோடு பொறியியலையும் சேர்த்தது. பாஸ்டன் நகரின் அறிவியல் அருங்காட்சியகம் 2003-இல் தொடக்கப் பள்ளிகளுக்கென்றே ஒரு பொறியியல் பாடத்திட்டத்தை உருவாக்கத் தொடங்கிற்று. கேள், கற்பனை செய், திட்டமிடு, உருவாக்கு, மேம்படுத்து என்னும் ஐந்தே படிகளில் அது குழந்தைகளை நடத்திச் சென்றது. 2013-இல் அந்நாட்டின் பல மாநிலங்கள் கூடி வகுத்த அறிவியல் கல்வித் தரங்களில் பொறியியல் வடிவமைப்பும் அறிவியலுக்கு இணையாக இடம்பெற்றது.

இவற்றைச் சொல்வது வெளிநாட்டு மோகத்தாலன்று. அவர்கள் பட்டறிந்து கண்ட ஓர் உண்மை நமக்கும் பயன்படும். அமெரிக்கப் பொறியியல் கழகத்தின் குழுவொன்று 2010-இல் இப்பொருளை ஆராய்ந்து, பள்ளிப் பொறியியலுக்கெனத் தனித் தரங்கள் வகுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் பாடங்களோடு அதனை இணைப்பதே நன்று என்றது. அதாவது தனிப் புத்தகம், தனித் தேர்வு, தனி மதிப்பெண் என்று தொடங்காமல், கணக்கிலும் அறிவியலிலும் சமூகவியலிலும் அதனை உப்பாகக் கரைப்பதே அறிவுடைமை. நாமோ புதியது எதைக் கண்டாலும் முதலில் அதற்கொரு கட்டடம் கட்டுவோம். பிறகு ஒரு பூட்டு வாங்குவோம்!

நம் வரலாற்றின் காயம்

கையால் கற்கும் கல்வி நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே எல்லாப் பாடங்களுக்கும் மையமாக்க முனைந்தது. கோத்தாரி கல்விக் குழு 1966-இல் அளித்த அறிக்கையில் வேலை அனுபவம் பள்ளிக் கல்வியின் பகுதியாக வேண்டும் என்றது. 1977-இல் ஈசுவர்பாய் படேல் குழு, சமூகப் பயனுள்ள ஆக்க வேலை என்று அதற்குப் புதுப்பெயர் சூட்டிற்று. பெயர்கள் மாறின, வகுப்பறை மாறவில்லை. பல பள்ளிகளில் அந்தப் பாடவேளை கணக்காசிரியரின் மீதிப் பாடத்தை முடிக்கும் வேளையாக ஆயிற்று. எஞ்சிய பள்ளிகளில் கம்பளி நூல் பொம்மை செய்யும் வேளையாக ஆயிற்று.

இதற்கிடையே தமிழகத்துக்கு ஓர் ஆழமான காயமும் உண்டு. 1953-இல் இராஜாஜி அரசு சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய வேளையில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும் என்றது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று மக்கள் அதற்குப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954-இல் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. எதிர்த்தது முற்றிலும் நியாயம். வண்ணாரின் மகன் துணி வெளுக்கவும், குயவரின் மகன் சக்கரம் சுற்றவும், அலுவலரின் மகன் அலுவலராகவும் வழிகாட்டும் கல்வி கல்வியன்று. பிறப்பால் பூட்டிய விலங்கு.

ஆகவே, “பள்ளியில் சுத்தியலும் அரமுமா? மீண்டும் குலக்கல்வியா?” என்று எவரேனும் என்னைக் கேட்டால் அக்கேள்வியை நான் வணங்கி ஏற்கிறேன். அந்த அச்சம் வெறும் அச்சமன்று, பட்டவர்களின் நினைவு. ஆனால் சற்றே ஆழ்ந்து சிந்திப்போம். குலக்கல்வியின் தீமை எதில் இருந்தது? கையால் வேலை செய்வதிலா? இல்லை. இன்னாருடைய பிள்ளைக்கு இன்ன வேலை என்று பிரித்ததில் இருந்தது. ஏழையின் பிள்ளைக்குக் கை, மற்றவன் பிள்ளைக்கு மூளை என்று மனிதனை இரண்டாக வெட்டியதில் இருந்தது. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. மருத்துவரின் மகளும் கொத்தனாரின் மகனும் ஒரே மேசையில் ஒரே சுத்தியலைப் பிடிக்கட்டும். இருவர் விரலும் ஒருமுறையேனும் நசுங்கட்டும். இருவரும் ஒரே வரைபடத்தை வரையட்டும். பள்ளி நேரத்தை ஒரு மணித்துளியும் குறைக்க வேண்டாம். குலக்கல்வி சாதியைக் காத்தது. இக்கல்வி சாதியின் வேரில் வெந்நீர் ஊற்றும்.

கைத்தொழிலைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தி வைப்பதால் சாதி ஒழிந்துவிட்டதா என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒழியவில்லை. கையில் அழுக்குப் படாதவன் உயர்ந்தவன் என்னும் பழைய எண்ணம், புதிய சீருடை அணிந்து நம் வகுப்பறைகளிலேயே உட்கார்ந்திருக்கிறது.

நம் பக்கத்துக் குற்றம்

பிறரைச் சாடுமுன் நம் நெஞ்சில் கைவைத்துக் கேட்போம். திருச்சபை இம்மண்ணில் கல்விக்கு ஆற்றிய தொண்டு பெரிது. அதே வேளையில், நம் நிறுவனங்களும் அந்தப் பழைய பிரிவினையை அறிந்தோ அறியாமலோ காத்து வந்திருக்கின்றன. ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தச்சுப் பட்டறையும் தையல் கூடமும்; வசதியுள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளியும் கல்லூரியும். பட்டறைப் பையன் பள்ளியின் பெஞ்சுகளைச் செய்தான். பள்ளிப் பையன் அவற்றில் அமர்ந்து படித்தான். ஒரே மதிலுக்குள் இருந்தும் இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்தார்கள்.

நம் ஆண்டவரை ஊரார் ஏளனம் செய்தபோது அவருடைய தொழிலைச் சொல்லித்தான் ஏளனம் செய்தனர் என்பதை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். அங்கே வரும் ‘தெக்தோன்’ என்னும் கிரேக்கச் சொல் மர வேலை செய்பவரை மட்டுமன்றிக் கட்டட வேலை செய்பவரையும் குறிக்கும். மரத்தையும் கல்லையும் அளந்து, வெட்டி, பொருத்தி வாழ்ந்த கைகள் அவை. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல், வேலையின் மாண்பு அது எத்தகைய வேலை என்பதில் இல்லை, அதைச் செய்பவர் மனிதர் என்பதிலேயே இருக்கிறது என்று விளக்கியது. இதனை நாம் மே முதல் நாளன்று பீடத்தில் பேசுகிறோம். ஜூன் மாதம் பள்ளி திறந்தால் மறந்துவிடுகிறோம்.

போலிகள் இரண்டு

இன்று பொறியியல் கல்வி என்னும் பெயரில் பள்ளிக்குள் நுழையும் போலிகள் இரண்டு.

ஒன்று, ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் ‘ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன்’ பயிற்சி. பதினோரு வயதுப் பிள்ளை அதிகாலையிலும் மாலையிலும் நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கப் பழகுகிறது. கடன் வாங்கியேனும் பெற்றோர் கட்டணம் செலுத்துகின்றனர். அந்தப் பிள்ளை திருகாணியைக் கழற்றியதுண்டா? இல்லை. மின்விசிறியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததுண்டா? இல்லை. பார்க்க விரும்பினால், “நேரத்தை வீணாக்காதே” என்று அதட்டுகிறோம். பொறியியலுக்கு ஆயத்தம் என்று சொல்லிக்கொண்டு, பொறியாளனுக்கு வேண்டிய ஆர்வத்தையே முளையில் கிள்ளுகிறோம்.

மற்றொன்று, அறிவியல் கண்காட்சி. தெர்மாகோலில் அணைக்கட்டு, பொத்தானை அழுத்தினால் எரியும் சிறு விளக்கு, அருகே மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் விளக்கம் ஒப்பிக்கும் பிள்ளை. அணையைச் செய்தது பெரும்பாலும் தந்தை, அல்லது கடை. “இந்த அணையில் விரிசல் விட்டால் என்ன செய்வாய்?” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும்.

வாழைக்குப் போகாத தண்ணீர்

எங்கள் பங்கின் நடுநிலைப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். சத்துணவு முடிந்து பிள்ளைகள் கைகழுவும் தண்ணீர் முற்றத்தில் தேங்கிச் சேறாகிக்கொண்டிருந்தது. அதைப் பின்புறத்து வாழைகளுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏழாம் வகுப்பிடம் ஒப்படைத்தார் அறிவியல் ஆசிரியை. பிள்ளைகள் முற்றத்தை நடந்து அளந்தார்கள், படம் வரைந்தார்கள், இரண்டு நாள் மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் பாதி வழியில் நின்றுவிட்டது. வாழைப் பக்கம் பள்ளம் என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தோம், நானுந்தான்.

கணக்கில் எப்போதும் பின்தங்கிய ஒரு பையன் தயங்கித் தயங்கி எழுந்தான். “டீச்சர், எங்கப்பா டியூபுல தண்ணி ஊத்தி மட்டம் பாப்பாரு. எடுத்தாரட்டுமா?” என்றான். அவன் தந்தை கொத்தனார். மறுநாள் நீண்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்று வந்தது. அதில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் குழாயடியிலும் மறுமுனையை வாழையருகிலும் பிடித்தார்கள். இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நின்றது. அங்கிருந்து தரைவரை அளந்தால், வாழைப் பக்கம் நான்கு அங்குலம் மேடு! நீர் தன் மட்டத்தைத் தானே காணும் என்று அவ்வகுப்பு ஏற்கெனவே பாடத்தில் படித்து எழுதியிருந்தது. முழு மதிப்பெண் வாங்கியவர்களும் உண்டு. ஆனால் அந்த வரிக்கும் அந்த முற்றத்துக்கும் தொடர்பு உண்டு என்பது அந்தப் பையன் சொல்லும்வரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதில் யார் யாரிடம் கற்றார்கள்? அப்பையன் தன் தந்தையின் தொழிலைப் பள்ளியில் கற்கவில்லை. அதை அவன் முன்பே அறிவான். மற்றப் பிள்ளைகள் அவனிடம் கற்றார்கள். அவனோ, தான் அறிந்ததை அளவாகவும் படமாகவும் கணக்காகவும் எழுதத் தன் தோழர்களிடம் கற்றான். கணக்கு என்பது தன்னை விரட்டும் பேயன்று, தன் வீட்டிலேயே இருந்த பொருள் என்று அன்று அவன் கண்டுகொண்டான். வாய்க்காலை ஒரு கை ஆழமாக வெட்டினார்கள். தண்ணீர் வாழைக்குப் போயிற்று. செலவு? ஒன்றுமில்லை.

தடை சொல்வோர்க்குச் சில சொற்கள்

பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பர். உண்மை. ஆனால் நான் கேட்பது புதிய சுமையன்று. இருக்கும் சுமைக்கு ஒரு சக்கரம். பதினோராம் வகுப்பில் அரசு இலவசமாகத் தரும் சைக்கிள் ஒரு முழுப் பாடநூல். மிதிப் பக்கத்துப் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்சக்கரத்தில் 18 பற்கள் என்றால், மிதியை ஒருமுறை சுற்றப் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். விகிதம் என்னும் பாடத்தை இதைவிட நன்றாக நடத்த இயலுமா? தமிழக அரசு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. 100 சதுர மீட்டர் கூரைமேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழும். நம் பள்ளிக் கூரையிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு நீர் வரும், அதில் எவ்வளவு வீணாகிறது, எந்தக் குழாய் உடைந்திருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பு கண்டுபிடிக்கட்டும். கணக்கும் புவியியலும் அதில் தாமே நடந்துவிடும்.

ஆசிரியர்கள் பொறியியல் படித்தவர்கள் அல்லரே என்பர். வேண்டியதில்லை. “எனக்கும் தெரியாது, செய்து பார்ப்போம்” என்று பிள்ளைகள்முன் சொல்லும் துணிவு போதும். அந்த ஒரு வாக்கியம் சொல்ல ஆசிரியருக்கு உரிமை கொடுக்க வேண்டியவர்கள் தாளாளர்களாகிய நாங்கள். நூறு விழுக்காடு தேர்ச்சி கேட்டு அவரை நெருக்கும்வரை அவர் வாயில் அது வராது.

பணம் இல்லையே என்பர். ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் இணைத்து முக்கோணம், நாற்கரம், வீடு, கோபுரம் எனக் கட்டமைப்புப் பாடத்தையே குழந்தைகள் கையில் கொடுத்தார். குப்பையிலிருந்து அவர் உருவாக்கிய விளையாட்டுக் கருவிகளுக்காக 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருக்கு வழிகாட்டிய மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் 1972-இல் சிற்றூர்ப் பள்ளிகளில் தொடங்கி முப்பது ஆண்டுகள் நடந்தது. பணம் கொழித்த பள்ளிகளிலன்று, சாதாரண அரசுப் பள்ளிகளில். 2002-இல் அம்மாநில அரசு அதனை நிறுத்திற்று. ஏழைப் பிள்ளைகளுக்கு நல்ல கல்வி இயலாததன்று. அதனைக் காக்க ஆள் இல்லாததே குறை.

பொறியியல் படித்தவர்களே வேலையின்றி அலையும்போது இது எதற்கு என்பர். நல்ல கேள்வி. 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தமிழகத்தில் பெருகின. பட்டம் பெருகிற்று, கை பெருகவில்லை. பதினேழு வயதுவரை ஒரு பொருளையும் பிரித்துப் பார்க்காத பிள்ளையை நான்கு ஆண்டில் பொறியாளராக்க எந்தக் கல்லூரியால் முடியும்? ஆயினும், எல்லாரையும் பொறியாளராக்குவது என் நோக்கமன்று. தமிழ் கற்பிப்பது எல்லாரையும் கவிஞராக்கவா? செவிலியராகப் போகிறவளும், உழவனாகப் போகிறவனும், ஏன், குருவாகப் போகிறவனுங்கூட, பொருள்களின் அமைப்பை அறிந்து, பழுதைக் கண்டு, சீர்செய்யத் தெரிந்தவராக வளர வேண்டும். உடைந்ததைக் கண்டால் தூக்கி எறியாமல் உட்கார்ந்து பார்க்கும் மனம் வேண்டும்.

வேர்களை நினைப்போம்

இன்று நம் பெற்றோர் கனவு காணும் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் தொடக்கம் எது? 1794-இல் சென்னையில் தொடங்கிய ஒரு நில அளவைப் பள்ளி. ஆதரவற்ற சிறுவர் இல்லத்துப் பையன்கள் அங்கே நிலத்தை அளக்கக் கற்றார்கள். 1830-களில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், ஆற்று மணலில் அடித்தளம் அமைக்கும் முறையைக் கல்லணையைப் பார்த்தே கற்றார். அதைக் கட்டிய கைகளுக்குரியவர்கள் எந்தக் கல்லூரியிலும் படித்தவர்கள் அல்லர். பள்ளிப் படிப்பை அதிகம் காணாத கோவை ஜி. டி. நாயுடு 1937-இல் மின்மோட்டார் உற்பத்தியில் முன்னோடியாக நின்றார். இவர்களைப் பற்றிக் கட்டுரைப் போட்டி வைக்கிறோம். இவர்களைப்போல் ஒரு பிள்ளை வகுப்பில் எழுந்தால் உட்கார வைத்துவிடுகிறோம்.

ஆகவே, பெற்றோர்களே, உங்களை நான் கேட்டுக்கொள்வது பெரிதன்று. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்டபின் இன்னொன்றையும் கேளுங்கள்: “என் பிள்ளை இந்த மாதம் தன் கையால் எதைச் செய்தது? எது உடைந்தது? அதை எப்படிச் சரிசெய்தது?” வீட்டில் மின்விசிறியைக் கழற்றிச் சீர்செய்ய வருபவரின் அருகில் உங்கள் மகளை நிற்கவிடுங்கள், அவரை ‘அண்ணா’ என்று அழைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தாளாளர்களாகிய நாங்கள் வாரத்தில் இரண்டு பாடவேளைகளை மூன்றாம் வகுப்பு முதல் இதற்கென ஒதுக்குவோம். எவரும் அவற்றைக் கடன் வாங்க வேண்டாம். ஊரின் தச்சரையும், கொத்தனாரையும், தையல் அக்காவையும் பள்ளிக்கு அழைத்து, பிள்ளைகள்முன் நாற்காலியிட்டு அமர்த்துவோம்; சிறப்பு விருந்தினராக அன்று, ஆசிரியராக.

அந்த ஆண்டு விழா மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடைக்குக் கீழே கைகழுவி வந்த அந்த இரு பையன்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சட்டையின் கறை போகவில்லை. பொன்னாடை அவர்களுக்கு உரியது என்று அன்று மேடையில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அக்குறையைப் போக்கவே இதனை எழுதினேன். அந்தப் பூட்டின் சாவி தலைமையாசிரியரிடம் மட்டும் இல்லை, நம் எல்லாரிடமும் இருக்கிறது. திறப்போமா?